கூகுள் ஸ்காலர் பக்கத்தை நம்பி பிஎச்டி கைடு தேடலாமா?

உயிரிப் பொறியியலில் பிஎச்டி சேர நினைக்கும் ஜூனியர்கள் எனக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். "அக்கா, இந்த புரொபசருக்கு எச்-இன்டெக்ஸ் அறுபதுக்கு மேல. தாராளமா சேரலாம்ல?" கூடவே ஒரு கூகுள் ஸ்காலர் லிங்க். அந்த ஒரு பக்கத்தை வைத்து ஒரு பேராசிரியரை எடைபோட முடியுமா? முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் எது பளிச்சென்று கண்ணில் படுகிறதோ, அதை வைத்து அல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் 2004-ல் வந்த சேவை. ஆராய்ச்சியாளர்களுக்கான தனிப் பக்கங்கள் 2011-ல் சேர்ந்தன. காசு கிடையாது, பார்ப்பதற்கு லாகின்கூடத் தேவையில்லை. இதே வேலையைச் செய்யும் ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களை முழுதாகப் பயன்படுத்த நிறுவனச் சந்தா வேண்டும். எந்த நிறுவனத்திலும் இல்லாமல் விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஸ்காலரை விட்டால் வேறு கதியில்லை என்பதுதான் நிலைமை.

குறை வலப்பக்க மேல் மூலையில் தொடங்குகிறது. மொத்த சைட்டேஷன் (மற்ற பேப்பர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (குறைந்தது பத்து சைட்டேஷன் வாங்கிய பேப்பர்களின் எண்ணிக்கை) என்று மூன்று எண்கள், கீழே ஒரு சாம்பல் நிற பார் கிராஃப். எச்-இன்டெக்ஸ் என்பது 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. குறைந்தது 40 சைட்டேஷன் வாங்கிய பேப்பர்கள் ஒருவரிடம் 40 இருந்தால் அவருடைய எச் 40. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. லேபைப் பூட்டிவிட்டு ஓய்வு பெற்றவருக்கும் அது வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவது வரிசையை, அதாவது சமீப ஆண்டுகளுக்கான கணக்கை. இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால், ஆள் பழைய சொத்தில் வாழ்கிறாரா என்று ஒரு சந்தேகம் வர வேண்டும்.

ராபர்ட் லாங்கர் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி-யில் இருக்கும் உயிரிப் பொறியாளர், எச்-இன்டெக்ஸ் 300-ஐத் தாண்டியவர். பட்டியல் சைட்டேஷன் வரிசையில்தான் திறக்கும். அந்த வரிசையில் ரிவ்யூ பேப்பர்களுக்கு, அதாவது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவற்றுக்கு, எப்போதும் யோகம் அதிகம். 1993-ல் அறுவை மருத்துவர் ஜோசப் வக்காண்டியுடன் எழுதிய திசுப் பொறியியல் கட்டுரையும் ஒரு துறையை அறிமுகப்படுத்திய ரிவ்யூதான். அந்த மனிதரின் கதை உண்மையில் தொடங்குவது 1976-ல். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைப் பாலிமருக்குள் வைத்து மெதுவாகக் கசியவிட முடியும் என்று புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஜூடா ஃபோக்மனோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். நம்பியவர்கள் குறைவு. அவர் முதலில் போட்ட ஒன்பது ஆராய்ச்சி நிதி (கிராண்ட்) விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவருக்கு அந்தத் துறையில் வேலை அமையவில்லை. எம்ஐடி-யில் ஊட்டச்சத்து, உணவு அறிவியல் துறையில்தான் இடம் கிடைத்தது. அந்த உத்தியில் உருவான, மூளைப் புற்றுக் கட்டியை அகற்றிய குழியில் அறுவை மருத்துவர் வைக்கும் மருந்து வில்லைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் அனுமதி வந்தது 1996-ல். சரியாக இருபது வருடம். இதில் எதற்காவது அந்த சாம்பல் கிராஃபில் ஒரு தடயம் இருக்கிறதா? கிடையாது. பட்டம் எங்கே, பிஎச்டி-க்குப் பிந்தைய ஆராய்ச்சி (போஸ்ட்டாக்) யாரிடம், எந்தத் துறையிலிருந்து எங்கே தாவினார் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் ஓர் இடமே இல்லை. பெயருக்குக் கீழே இப்போதைய நிறுவனம் மட்டும்தான். வேலை வரலாறு வேண்டுமென்றால், ஆராய்ச்சியாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) தளத்தில் அவர் பக்கத்துக்குப் போங்கள், அவர் சோம்பல் படாமல் நிரப்பி வைத்திருந்தால்.

சரி, எங்கே பார்ப்பது? பட்டியலின் தலைப்பில் வருடம் என்றிருப்பதைத் தட்டுங்கள். அந்த ஒரு தட்டலுக்காகவே இந்தச் சேவையை நான் மன்னித்துவிடுவேன். பேப்பர்கள் புதியதிலிருந்து பழையதாக மாறி நிற்கும். முதல் இருபது தலைப்புகளை மட்டும் படித்தாலே லேபில் இன்று என்ன நடக்கிறது என்று பிடிபடும். ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி வைக்கும் ஜெல்) என்று பேர் வாங்கியவர் மூன்று வருடமாக மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் (நுண்குழாய்களில் திரவத்தைக் கையாளும் வேலை) மட்டும் செய்துகொண்டிருக்கலாம். ஹைட்ரோஜெல் ஆசையில் சேரும் மாணவருக்கு அது முதல் நாளே தெரிந்தாக வேண்டிய சேதி. பாதை மாறுவது தவறென்று சொல்லவில்லை. உடலுக்குள் விசைகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் பயோமெக்கானிக்ஸின் தந்தை என்று சொல்லப்படும் ஒய்.சி. ஃபங் விமானப் பொறியியலில் கால் ஊன்றியவர், பிறகு நுரையீரலுக்கும் ரத்தக்குழாய்க்கும் வந்தார். எந்தத் திருப்பத்தில் நாம் ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறினால் போதும்.

பெயருக்குக் கீழே நீல எழுத்தில் வரும் ஆராய்ச்சி ஆர்வங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவரே தட்டச்சு செய்துகொண்டவை அவை. எங்கள் துறையில் பாதிப் பேர் பயோமெட்டீரியல்ஸ், டிரக் டெலிவரி, டிஷ்யூ இன்ஜினியரிங் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள்.

ஆசிரியர் பெயர் வரிசைதான் புதையல். இத்துறையில் பெரும்பாலும் கடைசிப் பெயர் கைடு, முதல் பெயர் ராப்பகலாக உழைத்த மாணவர். எட்டுப் பத்து வருடத்துக்கு முந்தைய பேப்பர்களில் முதல் பெயராக இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பாருங்கள். யார் தனி லேப் வைத்திருக்கிறார், யார் நிறுவனத்துக்குப் போனார், யார் ஒரே பேப்பரோடு காணாமல் போனார்? ஒரு கைடைப் பற்றி எந்த இன்டெக்ஸும் சொல்லாததை இந்தத் தேடல் சொல்லிவிடும். ஸ்காலர் இங்கேயும் கொஞ்சம் படுத்தும். பெயர்ப் பட்டியல் நீளமானால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். உள்ளே போனால்தான் முழுப் பெயர்களும் வரும். இருவர் சம பங்கு என்று பேப்பரில் போட்டிருக்கும் குறியும் இங்கே வராது.

இன்னும் சில உறுத்தல்கள். ஒரே பெயருள்ள இன்னொருவரின் பேப்பர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உரிமையாளர் களைந்தால்தான் போகும். சைட்டேஷன் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், வேறு பேப்பரின் கணக்கும் அதில் கலந்திருக்கலாம் என்று அர்த்தம். தன் பேப்பரைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்துப் பார்க்க ஸ்கோபஸில் வழி உண்டு, இங்கே இல்லை. காப்புரிமைகள் பட்டியலுக்குள் பேப்பரோடு பேப்பராக வந்துவிடும். கருவி செய்பவர்களுக்கு அதுதான் வாழ்நாள் உழைப்பு, ஆனாலும் தனியாகப் பிரித்துக் காட்ட மாட்டார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, கிராஃபுக்குக் கீழே இருக்கும் பப்ளிக் ஆக்சஸ் பெட்டி. 2021-ல் சேர்த்தார்கள். எந்தெந்தப் பேப்பரை இலவசமாகப் படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று நிதி தந்தவர்கள் விதித்திருக்கிறார்கள் என்பதற்கான கணக்கு அது. உள்ளே போனால் நிதி தந்த அமைப்பின் பெயரும் இருக்கும். லேபில் பணம் இருக்கிறதா என்று கைடிடம் நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் இங்கே எட்டிப் பார்க்கலாம்.

விண்ணப்பிக்கப் போகும் நாலைந்து பேரின் பக்கங்களில் ஃபாலோ பட்டனைத் தட்டிவையுங்கள். புதிய பேப்பர்கள் என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். புதிய சைட்டேஷன் என்பதையும் சேர்த்து டிக் செய்தால், லாங்கர் மாதிரி ஆட்களுக்கு இன்பாக்ஸ் தாங்காது.