அலையா, முகத்துவாரமா, களப்பா: இறங்கி நின்று தூண்டில் போட எது பாதுகாப்பு?

கொழும்பில் இருந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்று தூண்டில் போட ஆசைப்படுகிறவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வெள்ளவத்தை முதல் கல்கிசை வரையான திறந்த கடல் ஒன்று. மட்டக்குளியில் களனி கங்கை கடலில் விழும் இடம், தெற்கே பாணந்துறை போன்ற முகத்துவாரங்கள் இன்னொன்று. வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரில் நீர்கொழும்புக் களப்பு மூன்றாவது. எங்கே பெரிய மீன் கிடைக்கும் என்று கேட்டால் முகத்துவாரத்துக்குத்தான் முதலிடம். எங்கிருந்து முழுசாக வீடு திரும்பலாம் என்று கேட்டால் அதே முகத்துவாரம் கடைசிக்குப் போய்விடும்.

வெள்ளவத்தைக் கரையின் ஆபத்து கடலுக்கு முன்பே தொடங்குகிறது. தண்டவாளத்தைக் கடந்துதான் மணலுக்குப் போக வேண்டும். அலை இரைச்சலில் ரயில் வரும் சத்தம் அமுங்கிவிடும். கைபேசியைப் பார்த்துக்கொண்டே தண்டவாளம் கடப்பவர்களுக்கு நீச்சல் தெரிந்து என்ன, தெரியாமல் என்ன.

கடலைப் பொறுத்தவரை மே முதல் செப்டெம்பர் வரை, சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், இங்கே இறங்கும் பேச்சே வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் கரை அடங்கிக் கிடக்கும். ஆனால் அடங்கிய நாளிலும் வெகுதொலைவில் எழுந்த பெருநீர் அலைகள் கூட்டமாக வந்து போகும். ஐந்து நிமிடம் குளம்போல் இருந்த இடத்தில் அடுத்தடுத்து மூன்று, நான்கு அலைகள் நெஞ்சுக்கு மேல் எழும். ஆகவே வந்தவுடன் காலை நனைக்காமல் மணலில் நின்று கால் மணி நேரமாவது கடலைப் பார்ப்பது நல்லது.

அப்படிப் பார்க்கும்போது கண்ணில் பட வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாது. இருபுறமும் வெள்ளை நுரை எழ, அந்தப் பட்டை மாத்திரம் கலங்கிய மண்நிறத்தில் வழுவழுப்பாகத் தெரியும்; அதன்மேல் நுரைத்துண்டுகள் கரைக்கு வராமல் கடலை நோக்கி நகரும். புதியவர்கள் அமைதியான இடம் என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதைத்தான். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. மிதந்தபடி கரைக்குச் சமாந்தரமாக விலகி, அலை உடையும் பக்கம் வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். தூண்டில் தடியை விட்டுவிட மனம் வர வேண்டும். பலருக்கு அதுதான் வருவதில்லை. கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் இருக்கிறார்கள். தூண்டில்காரர் இறங்குவதோ விடியுமுன், ஆளரவமில்லாத ஓரங்களில்.

வெள்ளவத்தையில் கால்வாய் கடலில் சேரும் இடத்தை மழைக்குப் பிறகு தவிர்க்கச் சொல்வது அழுக்குக்காக மட்டுமல்ல. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் முதலை தாக்கி ஒருவர் உயிரிழந்தார். உவர்நீர் முதலைக்குக் கடலும் கால்வாயும் ஒரே வழித்தடந்தான்.

முகத்துவாரத்தில் இந்த ஆபத்துகள் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. கொடுவா, செப்பலி, பாரை எல்லாம் கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோட்டில் இரை தேடும். அந்தக் கோட்டை எட்ட வேண்டுமென்றால் மணல் திட்டின் நுனிக்குப் போக வேண்டும். அந்த நுனி நிலையானதல்ல. ஆற்றுநீர் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவருக்கு அடுத்த அடியில் தரை இருக்காது. நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால் காலில் விழும் விசை நான்கு மடங்காகிறது. கடல் வற்றி இறங்கும் நேரத்தில் ஆற்றுநீரும் சேர்ந்து வெளியே பாயும்போது இதைக் காலே உணரும். கொழும்பில் வெயிலடிக்கும்போதே மலைநாட்டு மழைநீர் களனியில் இறங்கி வரக்கூடும் என்பதால் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் வழியில்லை. கரையில் உலர்ந்த இடத்தில் நின்று நீளத் தடியால் வீசுங்கள், இறங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

களப்புக்கு வருவோம். நீர்கொழும்புக் களப்பு சுமார் 3,200 ஹெக்டேயர். பெரும்பகுதி இடுப்பளவு, நெஞ்சளவு ஆழந்தான். அலை இல்லை, கண்டல் மர நிழல் உண்டு. அதனாலேயே அசட்டையும் வருகிறது. நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்குள்தான் என்றாலும், அத்தனை நீரும் வடமுனையில் ஒடுங்கிய வாயால் போய்வர வேண்டியிருப்பதால் அங்கே இழுப்பு கடுமை. வாயிலிருந்து விலகி, படகுப் பாதையிலிருந்தும் விலகி நிற்பவருக்கு மிஞ்சும் ஆபத்து காலடியில் இருக்கிறது: சேறு, உடைந்த போத்தல், சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை.

“தம்பி, காலைத் தூக்கி வைக்காதேயும், தேய்த்துக்கொண்டு வாரும்” என்று அங்கே வலை தூக்கும் முதியவர் ஒருவர் சொன்னார். இதைவிடச் சிறந்த பாதுகாப்புக் குறிப்பு எந்தக் கையேட்டிலும் இல்லை. மிதித்தால்தான் திருக்கை வாலைச் சுழற்றும். பாதம் பக்கவாட்டில் உரசினால் சேற்றைக் கிளப்பிவிட்டு ஓடிவிடும்.

காலுக்கு எது என்பதிலும் இடம்தான் தீர்மானிக்கிறது. வெறுங்கால் எங்கும் ஆகாது. இறப்பர் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், பாறையில் அது வழுக்கும். சுழியோடிகள் அணியும் மென்மையான காலுறைச் சப்பாத்து களப்புக்கு வசதி; ஆனால் திருக்கை முள் அதைத் துளைத்துவிடும் என்பதால் தேய்த்து நடப்பதை விட முடியாது. வெள்ளவத்தைப் பாறைக்குக் கனத்த அடியுள்ள, கயிறு கட்டும் சப்பாத்துதான் சரி.

நெஞ்சுவரை மூடும் நீர்புகாக் காற்சட்டை வெளிநாட்டுப் படங்களில் அழகாக இருக்கிறது. குளிர்நாட்டு ஆறுகளுக்கு அது தேவை. நம் கடல்நீர் 28, 29 பாகை செல்சியசில் இருக்கும்போது அது ஆளை இடியப்பம்போல அவிக்கும். உள்ளே நீர் புகுந்தால் கல்லாக இழுத்துத் தாழ்த்திவிடும் என்பது மிகை. நீருக்குள் நீருக்கு எடை இல்லை. ஆனால் நீந்தவும் எழுந்து கரையேறவும் விடாது. இலேசான நீளக் காற்சட்டை போதும்.

உயிர்காப்பு அங்கியில் இரண்டு வகை போட்டியிடுகின்றன. ஊதி விரியும் அங்கி இலேசானது, வீசும் கைக்கு இடைஞ்சல் தராது. 150 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) வகை, நினைவிழந்தவரின் முகத்தையும் மேலே திருப்பக்கூடியது. ஆனால் நனைந்தால் தானாக விரியும் வகை அலைத் தெறிப்பிலேயே விரிந்துவிடலாம். கயிறு இழுத்து விரிக்கும் வகைக்கு நினைவு தேவை. ஒருமுறை விரிந்தால் புதிய வாயுக் குப்பி வாங்க வேண்டும். நுரை அடைத்த 50 நியூட்டன் அங்கி வியர்க்க வைக்கும், முகத்தைத் திருப்பித் தராது. ஆனால் எப்போதும் மிதக்கும், அலை பாறையில் மோதவிட்டால் விலா எலும்புக்கு மெத்தையாகவும் இருக்கும். பாறை நிறைந்த நம் கரைக்கு நுரைதான் என் தெரிவு. களப்பில் எதுவானாலும் சரி.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வழக்கம். காபன் இழைத் தடி மின்சாரத்தைக் கடத்தும். முதல் முழக்கத்திலேயே மூன்று இடங்களும் சமமாகிவிடுகின்றன, கரையேறுங்கள். புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

களப்புக்குப் போகிறவர் பையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும், தேநீருக்காக அல்ல. திருக்கையோ, கெளிறு, ஓரா போன்ற நச்சு முள்ளுள்ள மீனோ குத்தினால், காயம்படாத கையால் சூடு பார்த்து, தாங்கக்கூடிய அளவுக்கு, ஏறத்தாழ 45 பாகைக்குக் கலந்த நீரில் காயத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். வெப்பம் அந்த நஞ்சின் வலியைக் குறைக்கும். பிளாஸ்க் நீர் ஆறிவிடும், ஆகவே கரையில் வீடோ கடையோ தேடி இன்னும் வெந்நீர் கேளுங்கள். வயிற்றிலோ நெஞ்சிலோ முள் ஏறியிருந்தால் பிடுங்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.