பழைய குவில்ட் துண்டுகளின் மக்கல் வாடை: கரியா, சோடாவா, வினிகரா, தண்ணீரா?

குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வைக்கென வெட்டித் தைக்கப்பட்டு, போர்வையாக முழுமை பெறாமலேயே பல்லாண்டுகள் பெட்டிக்குள் மடிந்து கிடந்த துண்டுகளை விரித்தவுடன் எழும் மக்கல் வாடையைப் போக்க, பெரும்பாலும் நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன: கரியோடு மூடி வைத்தல், சமையல் சோடா தூவுதல், வினிகர் கலந்த நீரில் அலசுதல், சலவைத் தூள் கரைசலில் ஊற வைத்தல். நான்கையும் வெவ்வேறு துண்டுகளில் செய்து பார்த்திருக்கிறேன். எது வாடையை விரைவாகப் போக்கும் என்று கேட்பதற்கு முன், அந்தத் துணி எதைத் தாங்கும் என்று கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பருத்தி என்பது செல்லுலோஸ் என்னும் தாவர நார்ப்பொருள். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால், துணியில் தங்கிய கஞ்சியையும் அழுக்கையும், நாளடைவில் நூலிழையையுமே உண்டு பூஞ்சை வளரும். பூஞ்சையும் அதனோடு வாழும் நுண்ணுயிரிகளும் வெளியிடும் ஜியோஸ்மின், 1-ஆக்டென்-3-ஆல் போன்ற சேர்மங்கள்தாம் அந்த வாடை. மழை பெய்த மண்ணின் மணத்துக்கும் ஜியோஸ்மினே காரணம். ஒரு லிட்டர் தண்ணீரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். இதனால்தான் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் துணியும் மணக்கிறது. எந்த வழியை மேற்கொள்வதானாலும், முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து, துணியின் மேல் வலையைப் பரப்பி மெதுவாகத் தூசி உறிஞ்சிவிட்டு, ஓரிரு நாள் காற்றோட்டமான நிழலில் விரித்து வைப்பது நல்லது. கடும் வெயில் வாடையைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் சாயத்தை வெளிறச் செய்து, முன்பே தளர்ந்த இழையை அது மேலும் தளர்த்தும்.

கரியின் சிறப்பு, அது துணியைத் தொடாமலேயே வேலை செய்வது. நீர்வடிகட்டிகளில் பயன்படும் கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமின் உள்பரப்பே பல நூறு சதுர மீட்டர் இருக்கும். காற்றில் மிதந்து வரும் வாடைச் சேர்மங்கள் அந்த நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கின்றன. மூடியுள்ள பெட்டியின் அடியில் திறந்த கிண்ணத்தில் கரியை வைத்து, அதற்கு மேல் வலைத்தட்டில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிட வேண்டும். நேரம் பிடிக்கும் என்பது ஒரு குறை. துணியில் வேரோடிய பூஞ்சையை இது அகற்றாது என்பது இன்னொன்று.

சமையல் சோடாவுக்கு அதன் தகுதிக்கு மீறிய புகழ் கிடைத்திருப்பதாக நினைக்கிறேன். அது மென்மையான காரம். வியர்வை போன்ற புளித்த, அமிலத்தன்மையுள்ள வாடையை நடுநிலையாக்கும். மேற்சொன்ன பூஞ்சை வாடைச் சேர்மங்களோ அமிலங்கள் அல்ல. போதாக்குறைக்கு, தூவிய பொடி தையல் மடிப்புகளுக்குள் புகுந்துகொண்டால் முழுவதும் வெளியே எடுப்பது பெரும்பாடு. தூவியே தீர வேண்டுமானால், துணிக்கும் பொடிக்கும் இடையே மெல்லிய வெள்ளைத் துணியொன்றை விரித்துக்கொள்ளலாம்.

வினிகரில் பொதுவாக 5 சதவீத அளவில் அசெட்டிக் அமிலம் உள்ளது. செல்லுலோஸ் காரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், அமிலத்தை அவ்வளவாகப் பொறுக்காது. சரியாக அலசாமல் விட்டால் இழை நலிவடையும், சில பழைய சாயங்களின் நிறமும் மாறக்கூடும். பருத்தியில் சாயம் இறங்காமல் வினிகர் தடுக்கும் என்ற நம்பிக்கையும் சரியானதல்ல. சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்போருக்கு நுரை பொங்குவது நிறைவளிக்கலாம். ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று முறித்து சோடியம் அசெட்டேட், நீர், கரியமில வாயு ஆகிவிடுவதால், துணிக்கு இரண்டின் பயனும் கிடைப்பதில்லை.

வாடையின் மூலத்தையே வெளியேற்றுவது தண்ணீர்தான். துணிக்கு மிகுந்த ஆபத்தைத் தருவதும் அதுவே. என்னிடம் உள்ள எட்டு முனை நட்சத்திரத் துண்டொன்றில் வெளிர்மஞ்சள் சாய்சதுரங்கள் உறுதியாக இருக்க, அவற்றை ஒட்டிய அடர்பழுப்புச் சாய்சதுரங்கள் மட்டும் விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தன. இரும்பு உப்பைக் கொண்டு ஏற்றிய பழுப்பும் கறுப்பும் இவ்வாறு துணியை அரித்துவிடுவதுண்டு. அத்தகைய துண்டையும், இழை பிளந்த பட்டுத் துணியையும் நனைக்கவே கூடாது. மற்றவற்றில் ஒவ்வொரு நிறத்தையும், குறிப்பாகச் சிவப்பை, பின்புறத்தில் சலவைக் கரைசல் தொட்ட பஞ்சால் நனைத்து, வெள்ளைத் துணியை அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் கரிதான் வழி.

சோதனையில் தேறிய துண்டை, வெட்டு விளிம்புகள் பிரியாதிருக்க இரண்டு வலைத்துணிகளுக்கு நடுவே நூலோட்டி, அகலமான தொட்டியில் மென்மையான சலவைத் தூள் கரைத்து ஊற வைக்கலாம். சிறிது நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அது தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உறுதியான வெள்ளைப் பருத்தியில் வாடை விடாப்பிடியாக நின்றால் சோடியம் பெர்கார்பனேட் என்னும் ஆக்சிஜன் வெளுப்பான் உதவும்; குளோரின் பிளீச் ஒருபோதும் வேண்டாம். துணியைப் பிழியாமல், வலையோடு தூக்கி, உலர்ந்த குளியல் துண்டின் மீது படுக்க விரித்து, மின்விசிறிக் காற்றில் விரைவாக உலர்த்த வேண்டும். மெதுவாக உலர்ந்தால் பூஞ்சைக்கு நாமே மீண்டும் இடம் கொடுத்ததாகும்.

நறுமணத் தெளிப்பான் வாடையை மறைக்கும், அவ்வளவே. உறைபெட்டியில் வைத்தால் பூச்சி சாகும், பூஞ்சை உறங்க மட்டுமே செய்யும். ஓசோன் சாயத்தையும் இழையையும் தாக்குவதால் அதை நான் ஏற்கவில்லை.

நம் மூக்கு சிறிது நேரத்தில் பழகிவிடும் என்பதால், முடிவை அறிய, முற்றிலும் உலர்ந்த துண்டைக் கண்ணாடி ஜாடியில் இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் எழுந்தவுடன் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். அந்த நட்சத்திரத் துண்டு மூன்று வாரம் கரியோடு இருந்த பிறகும், ஜாடியைத் திறந்தபோது நடுத்தையல் தடிப்பிலிருந்து மட்டும் இலேசான மண்வாடை வந்தது. புதிய கரி வைத்து மேலும் பத்து நாள் மூடி வைத்தேன், அதன் பின் வரவில்லை.