டெனரே 700-ஆ, டிரான்ஸ்ஆல்ப்பா: பைக் வர்றதுக்குள்ள ஒரு அலசல்

புக் பண்ணி பதினாலு வாரம் ஆச்சு. பைக் கப்பல்ல இருக்கா, துறைமுகத்துல இருக்கா, இல்ல ஃபேக்டரிய விட்டே கிளம்பலையான்னு கேட்டா "அடுத்த வாரம் சொல்றோம் சார்"னு ஒரே பதில்தான். இதுக்குள்ள ஹேண்ட்கார்ட் வந்தாச்சு, கிராஷ் பார் வந்தாச்சு, பின்னாடி கட்டுற பை வந்தாச்சு, மாட்டுறதுக்கு பைக்தான் இல்ல.

நான் போட்டது யமஹா டெனரே 700, ரோட்டுலயும் மண்ணுலயும் ஓட்டுற அட்வென்ச்சர் பைக், புது மாடல், பெரிய டிஎஃப்டி (கலர்) திரையோட வர்றது. அதே வாரத்துல என் நண்பன் அதே ரக ஹோண்டா எக்ஸ்எல்750 டிரான்ஸ்ஆல்ப் போட்டான். ரெண்டு பேருக்கும் பைக் வரல, ஆனா சண்டை மட்டும் தினமும் சாயங்காலம் ஆனா வந்துடுது. அதனால என் பக்கத்த ஒரேயடியா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். நான் டெனரே பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

பேப்பர்ல இருக்கிற கணக்க சட்டுனு முடிச்சிடலாம். டெனரே 689 சிசி, 73 பிஎஸ், 68 நியூட்டன் மீட்டர். டிரான்ஸ்ஆல்ப் 755 சிசி, 92 பிஎஸ், 75 நியூட்டன் மீட்டர். ரெண்டுமே ரெட்டை சிலிண்டர், ரெண்டுமே 270 டிகிரி கிராங்க், அதனால சத்தம் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. எடை பெட்ரோலோட சேத்து ரெண்டும் 208-லேர்ந்து 210 கிலோ. முன்னாடி 21 இன்ச், பின்னாடி 18 இன்ச், டயர் சைஸ் கூட ஒண்ணுதான். டேங்க் 16 லிட்டருக்கு 16.9, இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல. சீட் உயரம் டெனரே 875 மில்லிமீட்டர், டிரான்ஸ்ஆல்ப் 850, இந்த 25 மில்லிமீட்டர் பேப்பர்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், சரிவான இடத்துல சிக்னல்ல நின்னு கால் தேடுறப்போதான் அது எவ்ளோ பெருசுன்னு புரியும். கிரவுண்ட் கிளியரன்ஸ் டெனரே 240, டிரான்ஸ்ஆல்ப் 212.

மத்ததெல்லாம் பாக்காம இல்ல. ஆப்பிரிக்கா ட்வின் மேல ஆசை இருந்துச்சு, யாருக்குத்தான் இல்ல, ஆனா 1084 சிசி வண்டிய சேத்துல தனியா சாய்ச்சிட்டு தனியா தூக்கணும்னா என் முதுகு ஒத்துக்காது. சுசுகி வி-ஸ்ட்ராம் 800டிஇ நல்ல வண்டி, 20 லிட்டர் டேங்க், ஆனா 230 கிலோ. பிஎம்டபிள்யூவோட பெரிய ஜிஎஸ் பத்தி பேச்சே வேணாம், அது வேற உலகம், ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்கு பதிலா தண்டு) மட்டும் பொறாமையா இருக்கும், செயினுக்கு எண்ணெய் அடிக்கிற வேலை இல்ல பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஓட்டிப் பாத்ததுல டிரான்ஸ்ஆல்ப்தான் உடனே பிடிச்சுது. அரை மணி நேரம்தான் ஓட்டினேன், அதுவும் தார் ரோட்டுல மட்டும், ஆனா அந்த இன்ஜின் மேல் ஆர்பிஎம்ல இழுக்கிற இழுப்பு இருக்கே, சும்மா சொல்லக்கூடாது. டெனரே அப்படி இல்ல, அது கீழயும் நடுவுலயும்தான் ருசி, மேல போகப்போக "போதும்பா"ன்னு சொல்ற மாதிரி இருக்கும். தெரிஞ்ச ஒருத்தரோட பழைய மாடல் டெனரேய ரெண்டு நாள் வாங்கி ஓட்டினேன், மண்ணு, ஜல்லி, கொஞ்சம் ஆத்து மணல். எழுந்து நின்னு ஓட்டுனா முட்டிக்கு நடுவுல வண்டி காணாமப் போற மாதிரி மெலிசா இருக்கு, அதுல நான் விழுந்துட்டேன் (மனசளவுல, மணல்லயும் ஒரு தடவ). ஆனா நான் புக் பண்ணது புது மாடல், அதுல த்ராட்டில் கேபிள் இல்ல, எலக்ட்ரானிக், டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கு, பழசுல அது கிடையாது. அந்த த்ராட்டில் கையில எப்படி இருக்கும்னு வண்டி வந்தாத்தான் சொல்ல முடியும்.

இவ்ளோ பிடிச்ச டிரான்ஸ்ஆல்ப்ப ஏன் விட்டேன்னா ஒரே காரணம்தான், பராமரிப்பு. இத நண்பன் கிட்ட சொன்னா "ஹோண்டாவுக்கு பராமரிப்புல குறையா?"ன்னு சிரிக்கிறான். குறைன்னு சொல்லல. ஆனா இந்த வண்டி கப்பல்ல வர்ற வண்டி, அதுக்கு வேணும்ங்கிற பார்ட்டும் கப்பல்லதான் வரும், அத மனசுல வெச்சு கணக்கு போடுறவங்க கம்மி. எல்லாரும் குதிரைத்திறன் பாக்குறாங்க, யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அல்லாடுற கதைதான் பின்னாடி.

எனக்கு இது பட்ட அனுபவம். இதுக்கு முன்னாடி வெச்சிருந்த வண்டியும் வெளிநாட்டுலேர்ந்து வந்ததுதான், பேர் வேணாம். அதுல ஹைட்ராலிக் கிளட்ச், கேபிளுக்கு பதிலா ஃப்ளூயிட் அழுத்தத்துல வேலை செய்யுறது. ஒரு நாள் லிவர புடிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது, கீழ பாத்தா ஃப்ளூயிட் சொட்டுது, கிளட்ச தள்ளுற ஸ்லேவ் சிலிண்டரோட சீல் போயிடுச்சு. கட்டைவிரல் நகத்து சைஸ் ரப்பர் வளையம் ஒண்ணு. அந்த ஒரு வளையத்துக்கு அந்த வண்டி பதினோரு வாரம் கவர் போட்டு நின்னுச்சு. வாரா வாரம் கவர தூக்கி பேட்டரிக்கு சார்ஜர் மாட்டுவேன், திரும்ப மூடுவேன், பக்கத்து வீட்டுக்காரர் "என்ன தம்பி, வண்டிக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேட்பாரு. அதுக்கப்புறம்தான் ஒரு வண்டிய பாத்தா முதல்ல இதுல எது போனா என்னால ஓரமா உக்காந்து சரி பண்ண முடியும்னு பாக்க ஆரம்பிச்சேன்.

கிளட்ச் விஷயத்துல டெனரே, டிரான்ஸ்ஆல்ப் ரெண்டுமே பாஸ், ரெண்டுலயும் கேபிள்தான். பழைய கேபிள் பக்கத்துலயே இன்னொரு கேபிள டை போட்டு கட்டி வெச்சிட்டா அறுந்த இடத்துலயே மாத்திட்டு கிளம்பிடலாம்.

ஆனா வால்வு கிளியரன்ஸ்ல ரெண்டும் பிரியுது. வால்வுக்கும் அத அமுக்குற கேமுக்கும் நடுவுல முடி அளவு இடைவெளி ஒண்ணு இருக்கணும். ஓட ஓட வால்வு தன்னோட இருக்கைல கொஞ்சம் கொஞ்சமா உள்வாங்கும், அந்த இடைவெளி குறையும், குறைஞ்சு குறைஞ்சு இல்லாமலே போச்சுன்னா வால்வு முழுசா மூடாது. மூடினாத்தான் அதோட சூடு ஹெட்டுக்கு இறங்கும், இல்லன்னா அந்த சூட்டுலயே வால்வு கருகிடும். அதனால குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு தடவ திறந்து ஃபீலர் கேஜ்ங்கிற மெல்லிய அளவுத் தகட விட்டு பாத்தே ஆகணும். டிரான்ஸ்ஆல்ப்புக்கு அது 24,000 கிலோமீட்டர். டெனரேக்கு 40,000.

நான் வருஷத்துக்கு சுமாரா 12,000 ஓட்டுவேன். ஆறு வருஷம் வெச்சிருந்தா 72,000. அதுக்குள்ள டிரான்ஸ்ஆல்ப்ப 24, 48, 72-ன்னு மூணு தடவ திறக்கணும். டெனரேய ஒரே ஒரு தடவ, அடுத்தது 80,000-லதான். "ஜப்பான் இன்ஜின்ல முதல் தடவ திறந்தா பாதி நேரம் எல்லாம் சரியாத்தான் இருக்கும் மச்சி"ன்னு நண்பன் சொல்றான், உண்மைதான், ஆனா சரியா இருக்குன்னு தெரியவே திறந்தாகணுமே. டேங்க் கழட்டணும், அதுக்கு கீழ இருக்கிற சாமானெல்லாம் கழட்டணும், ஹெட் கவர் திறக்கணும், அந்த கவர் கேஸ்கெட் கிழிஞ்சா அதுக்கும் கப்பல். அளவு தப்பா இருந்தா கேம் ஷாஃப்ட்ட வெளிய எடுத்து சரியான கனத்துல ஷிம் (சின்ன உலோக வில்லை) போடணும், அந்த சைஸ் ஷிம் கைல இல்லன்னா வண்டி பிரிச்சபடியே நிக்கும். இந்த வேலைய தெரிஞ்சு செய்யுற ஆள் பக்கத்துல இருந்தா பரவால்ல. இல்லாத ஊர்ல இருக்கிறவனுக்கு ஒரு தடவைக்கும் மூணு தடவைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் 19 குதிரைத்திறன விட பெருசு.

சாதா சர்வீஸ்ல டிரான்ஸ்ஆல்ப் கொஞ்சம் மேல, 12,000-த்துக்கு ஒரு தடவ, டெனரே 10,000. ஆயில் மாத்துறது நானே பண்றதுதானே, அது ஒரு மேட்டரே இல்ல.

இன்னொண்ணு, டெனரேல இருக்கிற அந்த சிபி2 இன்ஜின் 2014-ல யமஹாவோட எம்டி-07 பைக்ல வந்தது. அப்புறம் எக்ஸ்எஸ்ஆர்700, டிரேசர் 7, ஆர்7-னு ஒரே இன்ஜின எல்லாத்துலயும் போட்டு உலகம் பூரா வித்திருக்காங்க. அதனால அதுல என்ன போகும், எப்ப போகும், எப்படி சரி பண்றதுங்கிறது பத்து வருஷத்துக்கு மேல ஜனங்க கைல பழகின விஷயம். ஆயில் ஃபில்டர் கூட ஆர்6-க்கு போடுறதேதான், எந்த பெரிய யமஹா வெச்சிருக்கிறவன் கிட்டயும் கடன் வாங்கிடலாம். டிரான்ஸ்ஆல்ப் இன்ஜினும் தனி இல்ல, ஹோண்டாவோட சிபி750 ஹார்னெட்ல இருக்கிறதுதான், ஆனா அது 2023-ல விற்பனைக்கு வந்த இன்ஜின், ஒரு லட்சம் ஓட்டினவங்க கதை இனிமேதான் நிறைய வரணும். ஹோண்டாங்கிறதால நல்லாத்தான் இருக்கும்னு நானும் நம்புறேன், நம்பி காசு போடுற வயசு எனக்கு தாண்டிடுச்சு, அவ்ளோதான்.

பழைய டெனரேய ரெண்டு நாள் வெச்சிருந்தப்ப சீட்ட கழட்டிப் பாத்தேன், ஏர் ஃபில்டர் அங்கயே இருக்கு, மேல நாலஞ்சு ஸ்க்ரூ. புழுதில ஓட்டிட்டு வந்து ராத்திரியே கழட்டி வேற மாட்டிடலாம். இதெல்லாம் விளம்பரத்துல எவனும் போட மாட்டான்.

டெனரே பக்கம் குறை இல்லாம இல்ல. டியூப் டயர், அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். (டிரான்ஸ்ஆல்ப்பும் டியூப்தான், அதனால நண்பனால இதுல கைதட்ட முடியாது.) டிரையம்ஃப் டைகர் 900 ராலி ப்ரோல ஸ்போக் வீல்லயே டியூப்லெஸ் தர்றாங்க, இவங்களுக்கு என்ன கஷ்டமோ. டியூப்லெஸ்ல ஆணி ஏறினா பிளக் சொருகி காத்தடிச்சு பத்து நிமிஷத்துல கிளம்பிடலாம். டியூப்புன்னா ஆக்ஸில் கழட்டணும், வீல் எடுக்கணும், ரிம்ல ஒட்டியிருக்கிற டயர் விளிம்ப (பீடு) பிரிக்கணும், டியூப்ப உருவணும், அப்புறம் இதையெல்லாம் திருப்பி செய்யணும். சென்டர் ஸ்டாண்டும் கூடவே வராது, தனியா வாங்கணும்.

அதனால பைக் வர்றதுக்குள்ள பழகிடலாம்னு ஒரு பழைய 18 இன்ச் வீல வாங்கிட்டு வந்து வீட்டு வாசல்ல போட்டு பயிற்சி. முதல் நாள் டயர ஏத்தி முடிச்சு காத்தடிச்சா உஸ்ஸுன்னு எல்லாம் வெளிய. கழட்டிப் பாத்தா புது டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை, கடைசியா டயர் லிவரால (நெம்புற கம்பி) நெம்புறப்போ நானே டியூப்ப ரிம்முக்கும் லிவருக்கும் நடுவுல வெச்சு நசுக்கியிருக்கேன். அப்புறம்தான் புரிஞ்சுது, கடைசி கொஞ்சத்துல பலத்த போடக்கூடாது, எதிர் பக்கம் பீட முட்டி போட்டு ரிம்மோட நடு பள்ளத்துல இறக்கணும், டியூப்புக்கு லேசா காத்து குடுத்து வடிவம் பிடிக்க வெச்சிட்டு உள்ள விடணும், கொஞ்சம் சோப்புத் தண்ணி. அத செஞ்சா லிவர் கையாலயே போகுது.

டிரான்ஸ்ஆல்ப் எங்க அடிச்சு நொறுக்குதுன்னும் சொல்லிடணும், இல்லன்னா நண்பன் மூஞ்சில முழிக்க முடியாது. பின்னாடி ஆள வெச்சுகிட்டு ஹைவேல நாள் முழுக்க ஓட்டுறவங்களுக்கு அதுதான். அந்த கூடுதல் பவர் ஓவர்டேக் பண்றப்போ மூச்சு விடுற மாதிரி வரும், சீட்டும் மெத்துனு இருக்கு, டெனரே சீட் ரெண்டு மணி நேரத்துல பலகை ஆயிடுது. ரைடிங் மோட் அஞ்சு இருக்கு. ஆனா டெனரேல முன் ஏபிஎஸ்ஸும் சேத்து முழுசா அணைக்க முடியும், டிரான்ஸ்ஆல்ப்ல பின்னாடிது மட்டும்தான், செங்குத்தா மண் இறக்கம் இறங்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். முன் சஸ்பென்ஷனும் டெனரேல திருகி மாத்த நிறைய இடம் குடுத்திருக்காங்க, டிரான்ஸ்ஆல்ப்ல ப்ரீலோட் (ஸ்பிரிங்க முன்கூட்டியே அழுத்தி வெக்கிற அளவு) மட்டும். உயரம் கம்மியா இருக்கிறவங்க ரெண்டுலயும் ஒரு தடவ ரைடிங் பூட்ஸோட உக்காந்து பாக்காம பணம் கட்டாதீங்க, ஷோரூம் தரை எப்பவும் சமமாத்தான் இருக்கும்.

எதுவா இருந்தாலும் டெலிவரி அன்னைக்கு சாவி வாங்குற சந்தோஷத்துல மறந்துடாம டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கத்த பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2324-ன்னு இருந்தா 2024-ல 23-வது வாரம். பெட்டில வர்ற வண்டிக்கு ஹேண்டில்பார், முன் வீல் எல்லாம் இங்க மாட்டுறதுதான், அதனால ஆக்ஸில் போல்ட், ஸ்டீயரிங் ரெண்டையும் நீங்களே ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு கிளம்புங்க.

நேத்து நண்பனுக்கு போன் வந்துடுச்சு, அவன் வண்டி துறைமுகத்துல இறங்கிடுச்சாம். எனக்கு இன்னும் "அடுத்த வாரம்"தான். இன்னைக்கு அஞ்சாவது தடவ டியூப் மாத்தினேன், நாப்பத்தியொரு நிமிஷம், ஓட்டை இல்ல.