ஆளிலா, குலத்திலா, பதவியிலா: அதிகாரம் தங்கும் மூன்று இடங்கள்

ஆட்சி முறைகளை ஒப்பிடும்போது ஆள்பவர் ஒருவரா, சிலரா, பலரா என்று எண்ணுவதே வழக்கம். ஆள்பவர் இறந்த மறுநாள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்னும் அதிகம் விளங்கும் என்று நான் கருதுகிறேன்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள மெலனீசியத் தீவுகளின் ‘பெரிய மனிதர்’ தலைமையையும் பாலினீசியத் தீவுகளின் குலத் தலைமையையும் மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் 1963இல் அருகருகே வைத்துப் பார்த்தார். மெலனீசியாவில் ஒருவர் பன்றிகள் வளர்த்து, விருந்து அளித்து, தமக்கு நன்றிக்கடன் பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு தலைவராகிறார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கொடுப்பது குறைந்து கேட்பது கூடினால் ஆதரவாளர்கள் விலகிவிடுவார்கள். அவர் இறந்தால் திரட்டிய செல்வாக்கும் கலைந்துபோகும். (எல்லாத் தீவுகளும் இந்த வார்ப்பில் அடங்குவதில்லை, மெலனீசியாவிலேயே ட்ரோப்ரியண்ட் தீவுகளில் பரம்பரைத் தலைவர்கள் உண்டு.) பாலினீசியாவைச் சேர்ந்த ஹவாயிலோ தலைமை பிறப்பிலேயே வந்தது. தலைவரிடம் ‘மானா’ என்னும் புனித ஆற்றல் உறைவதாக நம்பினர். ‘கப்பு’ என்ற விலக்குகளை மீறியவருக்கு மரண தண்டனைகூட விதிக்கப்பட்டது. முதலாம் கமேஹமேஹா 1819இல் இறந்தபோது மகன் லிஹோலிஹோ தடையின்றி அரசரானார். ஆனால் அதே ஆண்டில் அவர், ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது என்ற விலக்கை மீறிப் பெண்களோடு அமர்ந்து உண்டு, அந்த விலக்கு முறையையே முடிவுக்குக் கொண்டுவந்தார். குலத்தில் தங்கும் அதிகாரம் மரணத்தைக் கடக்கிறது என்பது உண்மைதான். எனினும் தகுதியற்ற தலைவரிடமிருந்து எளிதில் விலகிச் செல்லும் உரிமையை அது பறித்துவிடுகிறது. இந்த ஒன்றில் மெலனீசிய முறையே மேலானது.

சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் அதிகாரத்துக்கு மரபு, தனிமனித ஈர்ப்பு, சட்டம் என மூன்று ஊற்றுகளைச் சொன்னார். இவற்றுள் ஈர்ப்பே மிக விரைவில் வற்றுவது: கி.மு. 323இல் அலெக்சாந்தர் இறந்தபின் அவருடைய பேரரசைத் தளபதிகள் துண்டாடிக்கொண்டனர்.

சட்டம் அதிகாரத்தை ஆளிடமிருந்து பிரித்துப் பதவியில் வைக்கிறது. உயிரோடிருக்கும்போதே ஒருவர் ஆட்சியை விட்டு இறங்க அது வழிசெய்கிறது. மூன்றில் இதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது தனித்து நிற்பதில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு பதவிக்காலங்களோடு 1797இல் விலகியபோது அவரை விலகச் சொல்லும் சட்டம் எதுவும் அமெரிக்காவில் இல்லை; அவர் தொடங்கிவைத்த வழக்கமே பின்வந்தவர்களைத் தடுத்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பின்னர், 1951இல்தான் அது அரசமைப்புத் திருத்தமாயிற்று.

சட்டம் மட்டுமே இருந்து, அதைச் செயல்படுத்தும் பதவி இல்லாத ஓர் அமைப்பையும் ஐஸ்லாந்து கண்டது. 930 அளவில் கூடத் தொடங்கிய ஆல்திங் அவையில் சட்டமுரைப்பவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பகுதியாகச் சட்டங்களை ஓதினார். ஆனால் கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றுவது வழக்கில் வென்றவரின் பொறுப்பாகவே இருந்தது. வலுவற்றவர் வலியவரை அண்டினார். தலைமை சில குடும்பங்களிடம் குவிந்தது. அவற்றுக்கிடையே மூண்ட நீண்ட சண்டைகளுக்குப் பின், 1262 முதல் 1264க்குள் ஐஸ்லாந்தர் நார்வே அரசரின் ஆட்சியை ஏற்றுக்கொண்டனர்.