மிலானா, சான்பிரான்சிஸ்கோவா, ஏழு கணக்கா?

"கட்டி அஞ்சு சென்டிமீட்டரைத் தாண்டிடுச்சாம், இனிமே கல்லீரல் மாத்த முடியாதாம்." ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் டீக்கடையில் நின்றால் இப்படியொரு பேச்சு காதில் விழும். பாதிதான் சரி. கல்லீரல் புற்றுக்கட்டி உள்ளவருக்குக் கல்லீரல் மாற்றலாமா என்று கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் வைத்துச் சொல்லும் விதிகள் இருக்கின்றன. அந்த 5 செ.மீ. அதில் ஒன்றான மிலான் விதியின் எல்லை. வேறு விதிகளும் உண்டு.

மிலான் விதி 1996-இல் இத்தாலியின் மசாஃபெரோ குழு சொன்னது. ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3-க்குள். சான்பிரான்சிஸ்கோ விதி (2001) கொஞ்சம் தாராளம்: ஒற்றைக் கட்டி 6.5 வரை, மூன்று வரை இருந்தால் பெரியது 4.5, எல்லாக் கட்டிகளின் அளவையும் கூட்டினால் 8. ஏழு கணக்கு 2009-இல் அதே மசாஃபெரோ கொண்டுவந்தது. எத்தனை கட்டியோ அதோடு பெரிய கட்டியின் செ.மீ. அளவைக் கூட்டினால் ஏழைத் தாண்டக் கூடாது.

சி.டி. ரிப்போர்ட்டில் 4 செ.மீ. ஒன்று, 2 செ.மீ. ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மிலானில் இடமில்லை, மற்ற இரண்டிலும் உண்டு. 2 செ.மீ. கட்டிகள் நான்கு? ஏழு கணக்கு மட்டும் கதவைத் திறக்கும். ஒற்றைக் கட்டி 6.5 என்றால் சான்பிரான்சிஸ்கோ மட்டும். கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய போர்ட்டல் ரத்தக்குழாய்க்குள் கட்டி புகுந்திருந்தாலோ நுரையீரல், எலும்புக்குப் பரவியிருந்தாலோ மூன்றிலும் கிடையாது.

ஏழு கணக்கு கேட்க சுலபம், ஆனால் ஒரு சிக்கல். அதன் நல்ல முடிவுகள் நுண்ணிய ரத்தக்குழாய்களில் புற்று ஏறாதவர்களுக்கு வந்தவை. அதை உறுதியாகச் சொல்ல, வெட்டியெடுத்த கல்லீரலை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அறுவை முடிந்தபிறகு தெரிந்து என்ன செய்ய? அதனால் எனக்கு அதில் நம்பிக்கை கொஞ்சம் குறைவு.

டேப் வைத்து அளப்பதைவிட ஏ.எஃப்.பி. என்ற, கல்லீரல் புற்றில் கூடக்கூடிய புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை நிறையச் சொல்லும். ஆயிரத்தைத் தாண்டினால் கட்டி சிறிதாக இருந்தாலும் டாக்டர்கள் தயங்குவார்கள். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை மருந்தால் அடைக்கும் 'டேஸ்' சிகிச்சை கொடுத்து, சுருங்கி, மூன்று மாதம் போல அடங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அடங்கினால் மிலானுக்கு வெளியே இருந்தவரும் உள்ளே வரலாம்.

மூளைச்சாவு தானத்துக்கான வரிசையில் மிலானே நியாயம். அந்த ஒரு கல்லீரலுக்குப் பின்னால் பலர் காத்திருக்கிறார்கள். வீட்டு ஆளே பாதி கல்லீரல் தருகிறார் என்றால் சான்பிரான்சிஸ்கோ வரை போகலாம் என்பது என் கட்சி. கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு என்பதால் அதற்கு மேல் இழுப்பது சரியில்லை. அப்புறம், சட்டப்படி நெருங்கிய உறவு என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள்தான். மச்சான் முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு ஆகும் நாட்களையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.