சம்பவம் நடந்த நாளில் இருந்த சட்டம் எது? பிரித்தானிய அரசின் சட்ட இணையத்தளம்: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைத் தாக்கினால் என்ன தண்டனை என்று யாராவது என்னிடம் கேட்டால், சம்பவம் எந்தத் திகதியில் நடந்தது என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். அந்தத் திகதியைக் கொண்டு அன்றைய சட்டத்தைத் தேடிப் படிக்க உதவுகின்ற லெஜிஸ்லேஷன் டொட் கவ் டொட் யூகே என்ற இணையத்தளத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துகின்ற இந்தச் சேவையைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. பெயரைப் பதிந்துகொள்ளவும் தேவையில்லை.

இலண்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வருகின்ற அரச கடிதங்களைப் படித்து விளக்குவதை நான் ஒரு தொண்டாகச் செய்து வருகிறேன். கல்லூரியில் படிக்கும் தன் மகன் இரவுநேரக் கைகலப்பு ஒன்றில் பொலிஸ்காரர் ஒருவரைத் தள்ளிவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஒரு தாய், எங்கோ கொடுக்கப்பட்ட துண்டுப்பிரசுரம் ஒன்றுடன் என்னிடம் வந்தார். "தம்பி, கூடினால் பன்னிரண்டு மாதம் எண்டு இதில போட்டிருக்கு, சரியோ?" என்று கேட்டார். சம்பவம் நடந்தது 2023ஆம் ஆண்டில். பிரசுரத்தில் அச்சாகியிருந்ததோ அதற்கு முந்தைய சட்டம். கலங்கிப்போயிருந்த ஒரு தாயின் கையில் காலாவதியான தாளைக் கொடுத்தது யாராக இருந்தாலும், அது பொறுப்பற்ற செயல் என்பதே என் எண்ணம்.

அந்தத் தாயை அருகில் இருத்திக்கொண்டு இந்தத் தளத்தில் 2018ஆம் ஆண்டின் அவசரசேவைப் பணியாளர்கள் மீதான தாக்குதல் குற்றங்கள் சட்டத்தைத் திறந்தேன். கிறிஸ் பிரையன்ட் என்ற தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் சட்டமூலமாக, அதாவது அரசாங்கத்தின் சார்பில் அல்லாமல், கொண்டுவந்த இச்சட்டம், 2018 செப்டம்பர் 13 அன்று முடியின் ஒப்புதலைப் பெற்று, இரண்டு மாதங்களின் பின் நவம்பர் 13 அன்று நடைமுறைக்கு வந்தது. பக்கத்தின் இடப்புறத்தில், சட்டம் நிறைவேற்றப்பட்ட நாளில் இருந்த மூல வடிவத்தையும் இன்று வரை திருத்தப்பட்ட வடிவத்தையும் மாறி மாறிப் பார்க்க வழி இருக்கிறது. மூல வடிவத்தின் முதலாம் பிரிவில் உச்சத் தண்டனை 12 மாதச் சிறை. திருத்தப்பட்ட வடிவத்தில் அதே இடத்தில் 2 ஆண்டுகள். மாற்றப்பட்ட சொற்கள் சதுர அடைப்புக்குள் நிற்க, அவற்றின் அருகிலுள்ள அடிக்குறிப்பு எண்ணைத் தொட்டால், 2022ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றம், தண்டனை மற்றும் நீதிமன்றங்கள் சட்டம் அந்த மாற்றத்தைச் செய்தது என்பதும், அது 2022 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது என்பதும் தெரிகின்றன. அந்நாளுக்கு முன் நடந்த சம்பவத்துக்கு உயர்த்தப்பட்ட தண்டனை பொருந்தாது. பிரசுரம் மறைத்துவிட்ட இந்த வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் காட்டித்தந்த சேவைக்கு நான் உண்மையாகவே கடமைப்பட்டிருக்கிறேன்.

இச்சட்டம் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதையும் மூன்றாம் பிரிவைப் படித்தபோதுதான் அந்தத் தாய் உணர்ந்தார். கான்ஸ்டபிள்கள் (சட்டமொழியில் எந்தத் தரத்துப் பொலிஸ் உத்தியோகத்தரும்) மட்டுமல்லாமல் சிறை உத்தியோகத்தர்கள், தீயணைப்போர், மீட்புப் பணியாளர், தேசிய சுகாதார சேவையில் நோயாளரைப் பராமரிப்போர் ஆகியோரும், சம்பளம் பெற்றாலும் பெறாவிட்டாலும், இதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். காயம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தள்ளுவதோ எச்சில் துப்புவதோ போதும். சாதாரண ஆள் ஒருவருக்கு அதையே செய்தால், 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 39ஆம் பிரிவின் கீழ் உச்சத் தண்டனை ஆறு மாதங்கள்தான்.

ஆனால் தளத்தின் பெரிய குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடமையைச் செய்துகொண்டிருக்கும் கான்ஸ்டபிளைத் தாக்குவது 1996ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படியும் குற்றமாகும். அதற்கு உச்சம் ஆறு மாதச் சிறை. கடமையைச் செய்துகொண்டிருக்கும்போது என்ற சொற்களைத் தளம் அப்படியே தருகிறது. அவற்றுக்கு நீதிமன்றங்கள் என்ன பொருள் கொடுத்தன என்பதை அங்கே காண முடியாது. 1984ஆம் ஆண்டின் கொலின்ஸ் எதிர் வில்கொக் வழக்கில், கைது செய்யும் நோக்கம் இல்லாமலே ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்திய பெண் பொலிஸ் உத்தியோகத்தர் தன் கடமையின் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று முடிவாகி, அவரைக் கீறிய பெண்ணுக்கு எதிரான குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. ஒருவரின் விடுதலையையே தீர்மானிக்கக்கூடிய இத்தகைய தீர்ப்புகளைச் சட்டப்பிரிவின் பக்கத்திலேயே சுட்டும் ஓர் இணைப்பாவது இருந்திருக்க வேண்டும். பிரிவைப் படித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று மனம் உடைகின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எந்தச் சட்டம் எந்த நிலப்பரப்பில் செல்லும் என்பதைக் காட்டும் வசதியையும் தவறவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான குற்றம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. கிளாஸ்கோவில் வசிப்பவர் 2012ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் தீயணைப்புச் சீர்திருத்த (ஸ்கொட்லாந்து) சட்டத்தின் 90ஆம் பிரிவையும், பெல்பாஸ்டில் வசிப்பவர் 1998ஆம் ஆண்டின் வட அயர்லாந்துப் பொலிஸ் சட்டத்தின் 66ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். அவையும் இதே தளத்தில் கிடைக்கின்றன.

தளத்தை ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் மட்டுமே பார்க்கலாம். தமிழில் கேட்பது அதிகம் என்றாலும், எளிய ஆங்கிலத்தில் ஒரு சுருக்கமாவது முதற்பக்கத்தில் இருந்தால் பலர் பயன்பெறுவார்கள். கைத்தொலைபேசியின் சிறிய திரையில் கால வரிசையையும் அடிக்குறிப்புகளையும் தொடர்வது எனக்குக் கடினமாகவே இருந்தது. கணினியில் படிப்பதே நல்லது.

அன்று முதலாம் பிரிவின் இரண்டு வடிவங்களையும் அச்சிட்டு, மாறிய சொற்களின் கீழ் கோடிட்டு, திகதியைத் தமிழில் எழுதி அந்தத் தாயிடம் கொடுத்தேன். மறுநாள் சட்டத்தரணியைச் சந்திக்கப் போனபோது பழைய பிரசுரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு அந்த இரண்டு தாள்களையே அவர் எடுத்துச் சென்றார்.