காட்டிக்கொடுத்தவனைக் கொல்வதா, உளவுவலையை அறுப்பதா?

1882 மே 6 அன்று டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பிரிட்டிஷ் ஆட்சியின் இரண்டு உயர் அதிகாரிகளை ஐரிஷ் புரட்சியாளர்கள் குத்திக் கொன்றார்கள். பிடிபட்டதும் அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கேரி அப்ரூவர் ஆனார். ஐந்து தோழர்கள் தூக்கில் தொங்கினார்கள். அரசு கேரியைப் பெயர் மாற்றிக் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியது. 1883 ஜூலையில் அந்தக் கடல் பயணத்திலேயே பாட்ரிக் ஓ'டானல் அவரைச் சுட்டுக் கொன்றார். டிசம்பரில் ஓ'டானலும் தூக்கிலிடப்பட்டார். பழி தீர்ந்தது, சரி. ஆனால் போன ஐந்து உயிர்கள் திரும்பவில்லை, இயக்கமும் பிழைக்கவில்லை.

பின்னாளில் ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் வேறு வழியில் போனார். 1919 ஏப்ரலில், போலீசுக்குள் இருந்த நெட் பிராய் உதவியால் துப்பறியும் பிரிவின் அலுவலகத்துக்குள் புகுந்து, இரவு முழுக்க ரகசியக் கோப்புகளைப் படித்தார். யார் வேவு பார்க்கிறார்கள், எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கைக்கு வந்தது. அப்புறம்தான் துப்பாக்கிகள் பேசின.

போராட்டத்தைக் காப்பாற்றியது இந்த இரண்டாவது வழிதான் என்பேன். ஆனால் அதன் விலையை மறைக்கக் கூடாது. 1920 நவம்பர் 21 காலை காலின்ஸின் ஆட்கள் பிரிட்டிஷ் உளவாளிகளை வீடு புகுந்து சுட்டார்கள். அன்று மாலையே குரோக் பார்க் மைதானத்தில் அரசுப் படை சுட்டதில் பொதுமக்கள் 14 பேர் உயிரிழந்தார்கள்.